மலையில் கோடை ஓவிய முகாம்: வீடா, ஹாலா, தங்கும் முகாமா, ரிசார்ட்டா?

மார்ச் பாதி தாண்டினால் போதும், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமிருந்து ஒரே கேள்வி வேறு வேறு குரலில் வரத் தொடங்கிவிடும். "அக்கா, லீவுல பத்துப் பசங்களுக்கு ட்ராயிங் கேம்ப் வைக்கலாம்னு இருக்கேன். வீட்லயே வைக்கவா, ஹால் பாக்கவா?" என்பார் ஒருவர். கோயம்புத்தூர் பிள்ளைகளை வரவழைத்து ஹோம்ஸ்டேயில் நாலு நாள் தங்கவைத்து நடத்தினால் நல்ல காசு என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அது சரிப்படுமா என்பார் இன்னொருவர். "எங்க கெஸ்ட் குழந்தைகளுக்குத் தினம் ரெண்டு மணி நேரம் வந்து சொல்லிக் கொடுங்க டீச்சர்" என்று ரிசார்ட்டிலிருந்து அழைப்பு வந்து, ஒப்புக்கொள்ளலாமா என்று தயங்குபவர்களும் உண்டு.

நான்குமே நடக்கிற வழிகள்தான். ஆனால் கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் இடத்தைப் பிடித்துவிட்டு, அப்புறம் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். என் கருத்து இதற்கு நேர்மாறு. யார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பக்கத்துத் தெரு, லைன் வீடு (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு), ஹட்டி (படுகர் ஊர்) பிள்ளைகளா? கீழே சமவெளியிலிருந்து வரும் பிள்ளைகளா? இரண்டு நாள் சுற்றிப்பார்க்க வந்தவர்களின் பிள்ளைகளா? இது தெளிவானால் இடக் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

என்ன வரைவது என்பது கடைசிக் கவலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இவை.

மதியத்துக்கு மேல் வானம். ஏப்ரல், மே மாதங்களில் காலை பளிச்சென்று இருக்கும். இரண்டு மணிக்கு மேல் மேகம் இறங்கும், பல நாள் இடியோடு மழையும் வரும். மூன்று மணிக்கு அறைக்குள் லைட் போடாமல் பென்சில் கோடு தெரியாது. காற்றில் மரக்கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட்டும் போய்விடும். எனவே எந்த வழியை எடுத்தாலும் முகாம் நேரம் காலை ஒன்பதரை முதல் ஒரு மணிக்குள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

வெளிச்சத்தைவிடப் பெரிய தொல்லை ஈரம். கீழே ஒரு மணி நேரத்தில் காயும் போஸ்டர் கலர், மூடுபனி நாளில் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த தாள்களைப் பிரிக்கும்போது ஒருவன் வரைந்த யானையின் காது இன்னொருத்தியின் வானத்தில் வந்திருக்கும். தாள் ஓரம் சுருண்டு, நடுவில் அலையலையாக எழும்பும். கொடி கட்டி கிளிப் போட்டுத் தொங்கவிட, இரவு முழுக்க யாரும் தொடாத ஒரு இடம் வேண்டும். அந்த இடம் இருக்கிறதா என்பதுதான் ஓவிய முகாமுக்கே உரிய கேள்வி. மற்றதெல்லாம் டான்ஸ் கிளாஸுக்கும் பொருந்தும்.

வழி. பிள்ளை எப்படி வரும், எப்படித் திரும்பும்? சீசன் நாட்களில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி போகிற வண்டிகளைக் குன்னூர் வழியே ஏற்றி, கோத்தகிரி வழியே இறக்கும் ஒருவழி ஏற்பாடு வரும். அந்த நாட்களில் கோத்தகிரிக்காரர் பக்கத்து ஊருக்குப் போவதற்குக்கூட நேரம் சொல்ல முடியாது. மினி பஸ் தாமதம் சாதாரணம். சாயங்காலம் ஆனால் தேயிலைத் தோட்டப் பாதையில் கரடியும் காட்டெருமையும் நடமாடும். இது பயமுறுத்தச் சொல்வதில்லை, இங்கே வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். கீழிருந்து வருபவர்களுக்கு மட்டும் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

தண்ணீரும் கழிப்பறையும். மழைக்குப் பேர்போன மலையில் கோடைத் தண்ணீர்ப் பஞ்சம் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். குன்னூரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. பன்னிரண்டு பிள்ளைகள் பிரஷ் கழுவ ஆரம்பித்தால் டிரம் காலி. இரண்டு வாளி வையுங்கள்: முதல் வாளியில் அழுக்கைக் கழுவி, இரண்டாவதில் அலசிக்கொள்ளட்டும். குளிர் தண்ணீரில் கைவிடப் பிள்ளைகள் மறுப்பார்கள், அதனால் இரண்டாவது வாளியில் ஒரு சொம்பு வெந்நீர் கலந்துவிட்டால் வேலை நடக்கும்.

எத்தனை மணி நேரப் பொறுப்பு. மூன்றரை மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் எண்பது மணி நேரம் பார்த்துக்கொள்வதும் வேறு வேறு தொழில்.

கடைசியில் கையில் நிற்கும் பணம். வசூல் எவ்வளவு என்பதை வைத்து ஏமாறக் கூடாது.

## வீட்டிலேயே நடத்துவது

வாடகை கிடையாது. மூடுபனி வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஓவியங்களை இரவில் மாடிப்படி ஓரமோ, ஸ்டோர் ரூமோ, எங்கோ ஒரு இடத்தில் கொடி கட்டிக் காயவிடலாம். முக்கியமாக, பெற்றோருக்கு உங்களைத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மே மாதம் மலைக்காரர்களுக்கு விடுமுறை இல்லை. டாக்சி ஓட்டுபவர், வர்க்கிக் கடைக்காரர், ஹோட்டலில் வேலை செய்பவர் எல்லாருக்கும் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்தச் சில வாரங்களில்தான். கோடை மழை விழுந்ததும் தேயிலை கொழுந்துவிடும், இலை பறிக்கப் போகிறவர்களுக்கும் அது முழு வேலைக் காலம். பள்ளி மூடிய பிள்ளை வீட்டில் டிவி முன்னால் கிடக்கும். ஆகவே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வைக்கும் முகாம், படம் வரைவதோடு பத்திரமாக உட்கார ஓர் இடமும் கொடுக்கிறது. பெற்றோர் காசு கொடுப்பது பாதிக்குப் பாதி அதற்காகத்தான். இதைப் புரிந்துகொண்டவர்கள் மாலை நாலு மணிவரை வைத்துக்கொள்ளும்படி வரும் கோரிக்கையை முதல் நாளே எதிர்பார்த்து, முடியும் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

மறைந்திருக்கும் செலவு வீட்டு ஆட்கள். மாமியாரின் காலைத் தூக்கம், மாமனாரின் பேப்பர் நேரம், ஒரே ஒரு பாத்ரூம். ஐந்து நாளும் ஒன்பதரை மணிக்கு வீட்டுக்குள் பன்னிரண்டு ஜோடி ஷூ. செம்மண் பாதையில் நடந்துவந்த ஷூ என்பதை நினைவில் வையுங்கள். தரையில் பழைய ஜமுக்காளம், அதற்கு மேல் பேப்பர் விரிக்க வேண்டும், ஏனென்றால் மே மாதத்திலும் சிமென்ட் தரை சில்லென்று இருக்கும். அரை மணி உட்கார்ந்த பிள்ளை ஒன்றுக்குப் போக எழுந்துவிடும். அப்புறம் அந்த ஒரே பாத்ரூமுக்கு வரிசை.

பன்னிரண்டுக்கு மேல் போகாதீர்கள். எட்டு என்றால் இன்னும் சிறப்பு. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சேர்ந்து வருவார்கள். ஐந்து வயதுக்காரனும் பன்னிரண்டு வயதுக்காரியும் ஒரே ஜமுக்காளத்தில் இருப்பார்கள். அதைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை. பெரியவளிடம் சின்னவர்களின் பிரஷ்களைக் கொடுத்துப் பாருங்கள், உங்களுக்கு உதவியாளர் தேவைப்படாமல் போகலாம்.

## ஹால் எடுத்து நடத்துவது

பள்ளி வகுப்பறை, ஊர்ச் சமுதாயக் கூடம், சர்ச் ஹால், சங்கக் கட்டடம் என்று மலையூர்களில் இடங்களுக்குக் குறைவில்லை. இருபது பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். சுவர் அழுக்கானால் வீட்டில் திட்டு விழாது. கடைசி நாள் கண்காட்சி வைத்துப் பெற்றோரை அழைக்க இதுதான் சரியான இடம்.

வாடகையைத் தவிர இன்னொன்று உண்டு. சித்திரையும் வைகாசியும் கல்யாண மாதங்கள். கூடத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகும் புதன்கிழமை முகூர்த்தம் என்று ஹாலை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள், அதுவும் முந்தைய நாள் சாயங்காலத்திலிருந்தே. கொடி கட்டித் தொங்கவிட்ட ஈர ஓவியங்களை யார் வீட்டுக்குத் தூக்கிப் போவது? ஹட்டிக் கூடம் என்றால், ஊரில் ஒரு சாவு விழுந்த நாளில் முகாம் கிடையாது. அதைக் கேட்கவே கூடாது, ஊரே அங்கே நிற்கும். ஆகவே ஐந்து நாள் முகாம் என்று அறிவிக்காமல் ஆறு நாளுக்கு ஹாலைப் பேசி, ஐந்து நாளுக்குக் கட்டணம் வாங்குங்கள். மிஞ்சும் ஆறாவது நாள் உங்கள் காப்பீடு.

பள்ளி வகுப்பறையில் இந்தத் தொல்லை இல்லை, பெஞ்சுதான் தொல்லை. சரிவான மேசையில் தண்ணீர்க் கிண்ணம் நிற்காது. தரையில் உட்காரவைக்க பெஞ்சுகளைத் தினமும் நகர்த்தித் திரும்ப வைக்க ஆள் வேண்டும். சாவி யாரிடம், வாட்ச்மேன் எத்தனை மணிக்கு வருவார், கழிப்பறை பூட்டியிருக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். லீவு நாளில் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது என்பது முதல் நாள் காலையில் தெரிய வேண்டிய செய்தி இல்லை.

ஹாலுக்கு இன்னொரு பலம், வெளியிலிருந்து ஒரு கலைஞரை அழைத்துவர முடிவது. நீலகிரியில் இதற்குக் கொடுத்துவைத்திருக்கிறோம், குறும்பர், தோடர், கோத்தர் என்று இங்குள்ள பழங்குடிகளுக்கு ஆளுக்கொரு கலை உண்டு. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் குறும்பர் ஓவியம் வரைபவர்கள் இருக்கிறார்கள். வேங்கை மரப் பால்தான் அவர்களுடைய பழைய வண்ணங்களில் முக்கியமானது. வெள்ளைத் துணியில் கறுப்பும் சிவப்புமாக நூலோடும் தோடர் எம்பிராய்டரிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோத்தர் பெண்களின் மண்பாண்டக் கலை இன்றும் இருக்கிறது. பிள்ளைகளை வேன் ஏற்றி அவர்கள் ஊருக்குக் கொண்டுபோய் வேடிக்கை பார்க்கவைப்பதைவிட, ஒரு நாள் ஆசிரியராக அவர்களை ஹாலுக்கு அழைப்பதே மரியாதை. ஆசிரியருக்கு என்ன கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள், பஸ் செலவு தனி. சால்வை போர்த்திப் போட்டோ எடுப்பது ஊதியத்தில் சேராது.

மண் வேலைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த ஈரக் காற்றில் களிமண் பொம்மை ஐந்து நாளில் உள்வரை காயாது. அரைகுறையாகக் காய்ந்ததைச் சுட்டால் வெடிக்கும். முதல் நாளே செய்யவைத்து, சுடாமல் அப்படியே வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.

## ஒரு கணக்கு

வீடு, ஹால் இரண்டையும் எண்ணில் வைத்துப் பார்த்தால் எனக்கே ஆச்சரியம். கீழே உள்ள தொகைகள் மாதிரிக்குத்தான், உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து நாள் முகாம், ஒரு பிள்ளைக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தாள், வண்ணம், பசை எல்லாம் சேர்த்துத் தலைக்கு 350 ரூபாய். சுண்டல், பிஸ்கட், பால் என்று ஒரு நாளைக்கு 30 ரூபாய். உதவியாளருக்கு நாளுக்கு 500 ரூபாய், ஹாலுக்கு நாளுக்கு 1,000 ரூபாய் (காப்பீடாகப் பேசிய ஆறாவது நாளைச் சேர்க்காமல்).

வீட்டில் 12 பிள்ளைகள்: வரவு 18,000. பொருள் 4,200, தின்பண்டம் 1,800, ஒரு உதவியாளர் 2,500. கையில் நிற்பது 9,500.

ஹாலில் 20 பிள்ளைகள்: வரவு 30,000. பொருள் 7,000, தின்பண்டம் 3,000, இரண்டு உதவியாளர்கள் 5,000, வாடகை 5,000. கையில் நிற்பது 10,000.

எட்டுப் பிள்ளைகளைக் கூடுதலாக மேய்த்ததற்கு ஐந்நூறு ரூபாய். அதுவும் எல்லாரும் வந்தால். பொருளை முன்னாலேயே வாங்கிவைத்துவிட்டீர்கள், கடைசி நேரத்தில் நாலு பேர் பாட்டி ஊருக்குப் போய்விட்டார்கள் என்றால் ஹால் கணக்கில் 4,600தான் மிஞ்சும். வீட்டில் இரண்டு பேர் குறைந்தால் 6,800 நிற்கும். வாடகை இல்லாத சர்ச் ஹாலோ சங்கக் கூடமோ கிடைத்தால் கதை மாறும். அப்போது யோசிக்காமல் ஹாலுக்குப் போகலாம்.

## தங்கும் முகாம்

கேட்கக் கவர்ச்சியானது இதுதான். கோவை, திருப்பூர், மதுரை வெயிலில் வாடும் பிள்ளைகள், குளிர்ந்த மலை, தேயிலைத் தோட்ட நடுவில் ஹோம்ஸ்டே, நாலு நாள் ஓவியம். ஒரு பிள்ளைக்கு நான்கு மடங்கு கட்டணம் சொல்லலாம். போஸ்டர் அழகாக இருக்கும்.

முதலில் வழிக்கணக்கு. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸுக்கும் உள்ளூர் வண்டிக்கும் இது பொருந்தாது. பெற்றோர் தனித்தனிக் காரில் கொண்டுவந்து விடுவதாக இருந்தால் ஒவ்வொரு காருக்கும் பாஸ் வேண்டும், வரவும் கூட்டிப்போகவும் இரண்டு தரம். சனிக்கிழமை தொடங்கும் முகாம் அங்கேயே சிக்கும். திங்கள் தொடங்கி வெள்ளிக்குள் முடியும்படி வைத்து, மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ பிள்ளைகளை வாங்கிக்கொண்டு உள்ளூர் வேனில் ஏற்றிவந்தால் பாதித் தலைவலி குறையும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், தேதி அறிவிக்கும் முன் அந்த ஆண்டு நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்திருப்பார்கள். முதல் நாள் மதியத்துக்கு மேல் வரைவதற்கு யாரும் தெம்பாக இருக்க மாட்டார்கள். ஆக நாலு நாள் முகாம் என்பது உண்மையில் இரண்டரை நாள்.

சமையல். ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. கீழிருந்து கூட்டிவந்த சமையல்காரருக்கு முதல் நாள் இது புரியாது, பிள்ளைகள் மூன்று மணிக்குச் சாப்பிடுவார்கள். கம்பளி, வெந்நீர், கீசர் கரண்ட், ஜெனரேட்டர் இவையெல்லாம் சேர்ந்தால் நீங்கள் சொன்ன நான்கு மடங்கில் பெரும்பகுதி ஹோம்ஸ்டேக்காரருக்குப் போய்விடும். மே மாதத்தில் அவர் உங்களுக்குச் சலுகை தர வேண்டிய அவசியம் இல்லை. அறைகள் எப்படியும் நிறையும். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், சிறிய தண்ணீர் பாட்டில் இங்கே தடை என்பதால், இருபது பேருக்கு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தேவை, கழுவ ஆளும் தேவை.

இரவுதான் பெரிய விஷயம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒன்பது வயதுப் பெண் "அம்மாட்ட போகணும்" என்று அழ ஆரம்பிக்கும். இன்னொன்றுக்குக் காய்ச்சல். பெண் பிள்ளைகள் இருக்கும் பகுதியில் பொறுப்பான பெண்கள் இருவராவது தங்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிடுங்கள். உதவியாளர்களின் பின்னணியை விசாரிக்காமல் சேர்க்காதீர்கள். பிள்ளைகள் நலனுக்கான 1098, ஆம்புலன்ஸுக்கான 108, பக்கத்து அரசு மருத்துவமனை எண், பெற்றோர் எண்கள், மருந்து ஒவ்வாமை விவரம் எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கட்டும். குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தும் பழக்கம் விருந்தினர் விடுதிகளில் இன்னமும் இருக்கிறது. அதிலிருந்து வரும் நச்சு வாயு உயிரைக் குடிக்கும். பிள்ளைகள் தூங்கும் அறைக்குள் எந்த நெருப்பும் வேண்டாம். ஹோம்ஸ்டே முறையாகப் பதிவு செய்ததா என்பதையும் கேட்டுப் பாருங்கள். சீசன் நடுவில் சீல் வைக்கப்பட்டால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவீர்கள்?

முதல் ஆண்டு நடத்துபவருக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. எப்போது சரி? ஒரு பள்ளியே தன் ஆசிரியர்களோடு பிள்ளைகளை அனுப்பும்போது. அப்போது இரவுப் பொறுப்பு அவர்களுடையது, உங்களுடையது ஓவியம் மட்டும். அல்லது பெற்றோரும் கூடவே தங்கும் குடும்ப முகாம். இரண்டுமே மே மாதக் கூட்டத்தைத் தவிர்த்து, ஏப்ரல் கடைசியில் பள்ளித் தேர்வு முடிந்த கையோடு வைத்தால் அறை வாடகையும் கொஞ்சம் இறங்கும்.

## ரிசார்ட்டில் வகுப்பு எடுப்பது

முதலீடு இல்லை, கழிப்பறைக் கவலை இல்லை, பிள்ளைகளுக்கு அவரவர் பெற்றோர் பத்தடி தூரத்தில். வீட்டில் இடமில்லாதவர்களுக்கும் சீசனில் உடனடி வருமானம் வேண்டியவர்களுக்கும் இது நேர்மையான வழி.

ஆனால் இதை முகாம் என்று சொல்ல முடியாது. இன்று பதினைந்து பேர், நாளை மூன்று பேர். நாலு வயதிலிருந்து பதினாலு வயதுவரை கலந்து வருவார்கள். பதினொரு மணிக்கு ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று பாதி ஓவியத்தில் அப்பா வந்து கூட்டிப்போவார். அதனால் ஒரே அமர்வில் முடிந்து, காய்ந்து, பெட்டிக்குள் போகிற வேலையாக எடுக்க வேண்டும். டிகாக்ஷனில் தீட்டிய தபால் அட்டை, சில்வர் ஓக் இலை அச்சு, ஆயில் பேஸ்டல் மலைகள். (ஆயில் பேஸ்டல் குளிரில் கெட்டியாகித் தேய்க்க வராது. இரண்டு நிமிடம் உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அதுவே பிள்ளைகளுக்கு விளையாட்டு.)

பேசும்போதே தீர்க்க வேண்டியவை மூன்று. தலைக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளாமல், எத்தனை பேர் வந்தாலும் அமர்வுக்குக் குறைந்தபட்சத் தொகை கேளுங்கள். பொருள் செலவு யாருடையது என்று எழுதிவாங்குங்கள். பணம் வாரா வாரம் வர வேண்டும், 'சீசன் முடிஞ்சதும் செட்டில் பண்றோம்' என்பது வேண்டாம். இதற்கு மேல் போக்குவரத்து: இருபது நிமிட வழி மே ஞாயிறன்று ஒன்றரை மணி நேரம் ஆகும். மாலை அமர்வு என்றால் இருட்டிய பிறகு உங்களை வீட்டில் விட அவர்கள் வண்டி அனுப்ப வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வீடு | ஹால் | தங்கும் முகாம் | ரிசார்ட் |
|---|---|---|---|---|
| யாருக்கு | தெருப் பிள்ளைகள் | ஊர்ப் பிள்ளைகள் | கீழிருந்து வருபவர்கள் | சுற்றுலா வந்தவர்கள் |
| எண்ணிக்கை | 8–12 | 15–20 | 15க்குள் | தினம் மாறும் |
| ஓவியம் காய இடம் | உண்டு | சாவி உங்களிடம் இருந்தால் | உண்டு, நெருக்கடி | இல்லை |
| பொறுப்பு | அரை நாள் | அரை நாள் | இரவும் பகலும் | அமர்வு நேரம் மட்டும் |
| மறைந்த செலவு | வீட்டார் பொறுமை, தண்ணீர் | முகூர்த்த நாள், பெஞ்சு தூக்க ஆள் | வண்டி, சமையல், சீசன் வாடகை | பயண நேரம், தாமதப் பணம் |
| நட்டம் வரும் வாய்ப்பு | மிகக் குறைவு | பிள்ளைகள் குறைந்தால் | அதிகம் | இல்லை என்றே சொல்லலாம் |
| ஓவியம் கற்பதற்கு | நன்று | மிக நன்று | நன்று, நாள் குறைவு | சுமார் |

பூங்காவில் நடத்தலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு வரி: மே மாதத்தில் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கொடைக்கானல் பிரையன்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பீர்கள், வரைய நேரம் இருக்காது. வெளியில் வரைய ஆசையென்றால் தேயிலைத் தோட்டக்காரர் ஒருவரிடம் கேட்டு, காலை பத்து மணிக்குள் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். தொப்பி கட்டாயம். குளிர் தெரிகிறதே தவிர இந்த உயரத்து வெயில் முகத்தைக் கறுக்கவைத்துவிடும். கொடைக்கானலில் ஏரியையும் படகையும் எல்லாரும் வரைகிறார்கள். பூம்பாறையின் பூண்டு வயல் அடுக்குகளைக் காட்டினால், கோடு என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

## அப்படியானால் நீங்கள்?

முதல் தரம் நடத்துகிறீர்கள், வீட்டில் ஒரு ஹாலும் தாழ்வாரமும் இருக்கிறது, வீட்டார் சம்மதம் என்றால் வீடுதான். எட்டுப் பேரோடு தொடங்குங்கள்.

வீட்டில் நடத்திப் பழகியவர், இந்த ஆண்டு இடம் கேட்டுப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றால் ஹால். வாடகை குறைவான இடம் கிடைக்கும்வரை ஒரே வாரத்தில் இருபது பேர் வேண்டாம், வீட்டிலேயே பத்துப் பத்தாக இரண்டு வாரம் நடத்தினால் அதைவிட அதிகம் நிற்கும். மேலே உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஹால் எடுக்கக் காரணம் கண்காட்சியும் விருந்து ஆசிரியரும் என்றால் அது நல்ல காரணம்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவரே முகாம் நடத்த நினைத்தால் விஷயம் வேறு. அறை உங்களுடையது, சமையல் உங்களுடையது, சீசன் வாடகையை இழப்பதுதான் உங்கள் செலவு. ஓவிய ஆசிரியரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு, பெற்றோரோடு வரும் குடும்ப முகாமாக வார நாட்களில் நடத்துங்கள்.

ரிசார்ட் அழைப்பு வந்தவர், வீட்டு முகாமை மே முதல் இரண்டு வாரத்தில் முடித்துவிட்டு மூன்றாம் வாரத்திலிருந்து ஒப்புக்கொள்ளலாம். ஒரே நாளில் காலை வீட்டிலும் மாலை ரிசார்ட்டிலும் என்று போட்டுக்கொண்டால் மூன்றாம் நாள் தொண்டை கட்டும்.

எந்த வழியானாலும் பெற்றோருக்கு அனுப்பும் செய்தியில் இதைச் சேர்த்துவிடுங்கள்: பழைய சட்டை ஒன்று, கை நீளமில்லாத ஸ்வெட்டர் ஒன்று. முழுக்கை ஸ்வெட்டரின் மணிக்கட்டுக் கம்பளி நேராக நீல வண்ணக் கிண்ணத்தில்தான் போய் நனையும். அம்மா பின்னிய ஸ்வெட்டராக இருந்தால் மறுநாள் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். ஹால் பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீர்கள். மேகம் இறங்கிய ஒரு மதியம் போய், லைட்டை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் பாருங்கள், குழாயைத் திறந்து பாருங்கள், அப்புறம் முன்பணம் கொடுங்கள்.